நூறாவது கல்

ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். ஆனி பிறந்த அன்று பூங்காவனம் கம்பெனிக்குத் தரவேண்டியிருந்த பாக்கி அவ்வளவு. வாரா வாரம் கைப்பேசிக்கு வரும் கூலிச்சீட்டின் அடியில் அது சிவப்பெழுத்தில் நிற்கும். முன்பெல்லாம் மேஸ்திரி தணிகாசலம் வாயால் சொன்னதுதான் கணக்கு. நாற்பத்து மூன்றாவது வயதில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு அவளே படித்தாள். அதனால் கடன் குறைந்துவிடவில்லை. தூக்கம்தான் குறைந்தது.

அந்தக் கடன் முதலில் கம்பெனியுடையதே இல்லை. பழைய செங்கல் சூளை முதலாளியிடம் புருஷன் ஏழுமலையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய அட்வான்ஸ் அறுபதாயிரம். பதினெட்டு வருஷம் சூளைப் புகையைக் குடித்த நெஞ்சு அவனுடையது. புகை விடக்கூடாது, ஏரி மண்ணை வெட்டக்கூடாது என்று கோர்ட்டு அந்த வட்டாரத்துச் சூளைகளையெல்லாம் மூடச் சொன்னபோது கம்பெனி வந்து களத்தை வாங்கியது. கல் சுடும் சேம்பர், மோட்டார், இரண்டு டிராக்டர், கல்லறுக்கிற முப்பத்திரண்டு புருஷன் பெண்டாட்டி ஜோடிகளின் கடன். எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல், ஒரே விலை.

கம்பெனியின் கல்லுக்கு நெருப்பு வேண்டாம். மலைக் குவாரியிலிருந்து வரும் கல்தூளில் பச்சையாக ஒரு கஞ்சியை ஊற்றிப் பிசைந்து, அச்சில் அறுத்துக் களத்தில் போடவேண்டியதுதான். கஞ்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி இருந்தது. அது காற்றில் கிடக்கும் கரியை, அதாவது கரியமில வாயுவை, தின்று, தின்றதைச் சுண்ணாம்பாக்கி, தூளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாலு நாள் கழித்துத் தட்டினால் கணீரென்று கேட்கும். கம்பெனி அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் வைத்திருந்தது. களத்தில் எல்லாருக்கும் அது பாசிக்கல்.

கல் ஆன பிறகும் அது சாகாது. சுவரில் கட்டினாலும் ஈரம் காட்டினால் போதும், காற்றைத் தின்றுகொண்டே இருக்கும். பட்டணத்துப் பெரிய கட்டடங்களில் ஏசியிலிருந்து வடிகிற தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டார்கள். கல்லை விற்ற காசு ஒருபுறம் இருக்க, களத்தில் கிடக்கிற நாளெல்லாம் கல் தின்கிற கரிக்கும் கம்பெனிக்குக் காசு வந்தது. தூர தேசத்தில் விமானம் விடுகிற கம்பெனிகள், தாங்கள் விட்ட புகைக்கு ஈடாக அதை வாங்கினார்களாம். களத்து ஆட்கள் அதற்கு மூச்சுக்காசு என்று பேர் வைத்தார்கள்.

பூங்காவனத்துக்கு இந்தக் கல்லின்மேல் கோபம் இல்லை. புகை நின்ற ஆறாம் மாதமே ஏழுமலை இருமாமல் ஒரு வேளை சோறு முழுசாகத் தின்றான். அது போதும் அவளுக்கு. ஆனால் இரண்டு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்று, தண்ணீர். களத்தில் கிடக்கும் கல்லுக்கு நாளைக்கு மூன்று வேளை தெளிக்க வேண்டும். ஏனம்பட்டு ஏரியில் ராட்சச மோட்டார் போட்டு இழுத்தார்கள். ஒரே வருஷத்தில் அக்கரை நெல்வயல் கரம்பாகிவிட்டது. இன்னொன்று, செத்த கல்.

ஐந்தாம் நாள் ஒரு விளக்குக் கோலைக் கல்லின்மேல் நீட்டிச் சோதிப்பார்கள். மூச்சு விட்டால் கோல் பச்சை காட்டும், விடாவிட்டால் சிவப்பு. சிவப்பு காட்டிய கல்லுக்குக் கூலி கிடையாது. அதுவுமில்லாமல் சீட்டில், செத்த கல், விலை பிடித்தம், பதினாலு ரூபாய் என்று விழும். அவள் ஒரு நாளைக்கு ஆயிரம் கல் அறுப்பாள். அதில் பத்து செத்துப்போகும். நூற்று நாற்பது ரூபாய் போகும். பதினாலு மாதமாக இப்படியே.

முதல் மாதமே அவள் மேஸ்திரியிடம் போய், காசைப் பிடித்துக்கொண்டீர்களே, கல்லாவது எனக்கா என்று கேட்டாள். தணிகாசலம் சிரித்தான். செத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், தாராளமாக எடுத்துக்கொண்டு போ என்றான். மற்ற ஜோடிகளும் எடுத்துக்கொண்டார்கள். குளிக்க மறைப்பு, ஆட்டுப்பட்டி, அடுப்புத் திட்டு என்று குடிசை வரிசை முழுக்கச் சாம்பல் வெள்ளையாகச் செத்த கல் எழும்பியது. பூங்காவனம் வீடு கட்டினாள். ஏரி ஓரத்தில் அவள் பேருக்கு இரண்டு சென்ட் மனைப்பட்டா வந்திருந்தது. ஆடி முடிவதற்குள் வீடு எழும்பாவிட்டால் பட்டா ரத்து. பிறந்ததிலிருந்து அவள் காலுக்குக் கீழே இருந்த மண் எல்லாம் வேறு யாருடையதோதான்.

ஆனி பத்தாம் தேதி இரண்டு சேதி வந்தது. ஏரியில் தண்ணீர் நாலடி குறிக்குக் கீழே இறங்கினால் வருவாய் ஆபீசிலிருந்து வந்து மோட்டாருக்குச் சீல் வைப்பார்கள் என்பது ஒன்று. அப்படி வைத்தால் கம்பெனி களத்தைத் தூக்கிக்கொண்டு ஆந்திராவில் வேறொரு பெரிய ஏரிக்கரைக்குப் போகும் என்பது இன்னொன்று. கடன் இல்லாதவர்கள் விருப்பப்பட்டால் நிற்கலாம். கடன் இருப்பவர்கள் கூடவே போகவேண்டும். கடன் இல்லாதவர் அங்கே யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹசீனா வந்தாள். ஆம்பூர்க்காரி, பாசியைப் பற்றிப் படித்தவள், கல் பரிசோதனைக்குக் கம்பெனி புதிதாக வைத்த ஆபீசர். மற்ற ஆபீசர்களைப் போல நிழலில் நிற்காமல் களத்திலேயே குந்திக்கொண்டாள். முப்பத்திரண்டு ஜோடியின் சீட்டையும் மூன்று நாள் புரட்டினாள். நாலாம் நாள் நேராகப் பூங்காவனத்திடம் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு ஆயிரத்துக்குப் பத்து கல் சாகுது. பக்கத்துக் களத்துக்காரருக்கும் பத்து. அந்தக் கோடியில இருக்கிறவங்களுக்கும் பத்து. பனிக்காலம், வெயில்காலம், எப்பவும் பத்து. ஏன்?"

"பத்து போவும்னு கம்பெனியே சொல்லிக்கீதே."

"கம்பெனி உங்க சீட்டப் பார்த்துத்தான் அப்படி எழுதிக்கிச்சு. உசுரு இருக்கிறது எதுவும் இவ்வளவு ஒழுங்கா சாகாதுக்கா. ஒரு நாள் மூணு சாகணும், ஒரு நாள் முப்பது சாகணும். நூத்துக்கு ஒண்ணுன்னு யாரோ எண்ணிக் கொன்ன மாதிரி இருக்கு."

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. எண்ணிக் கொல்ல யாருக்கு இங்கே நேரம் என்று சொல்லிவிட்டு அச்சைக் கையில் எடுத்தாள். ஹசீனா போகவில்லை. குந்தினபடியே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூளை அள்ளி அச்சில் அடித்து, வழித்து, கவிழ்த்து, எடுத்து, மறுபடி அள்ளி. இரண்டு முழு வரிசை அப்படிப் போனது. மூன்றாவது வரிசை நடுவில் ஹசீனா எழுந்து நின்றாள்.

"இப்ப என்ன போட்டீங்க?"

"இன்னா போட்டேன்?"

"அந்தக் கல்லுமேல. இடுப்புச் சுருக்குலேர்ந்து எடுத்து."

பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள். தான் போட்டது அவளுக்கே தெரியவில்லை. கடைசியாகக் கவிழ்த்த கல்லின் தலையில் ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பல் இருந்தது. பழைய சூளையிலிருந்தே வந்த பழக்கம் அது. எழுதிவைக்கத் தெரியாத காலத்தில் நூறு கல்லுக்கு ஒரு தரம் சாம்பல் வைப்பார்கள். சாயங்காலம் சாம்பல் தலைகளை மட்டும் எண்ணினால் போதும், மேஸ்திரி ஆயிரத்தைத் தொள்ளாயிரம் என்று ஏமாற்ற முடியாது. கம்பெனி வந்த புதிதில் சின்ன ஜோடிகள் சிலர் அதை விட்டுவிட்டார்கள். முதலாளி மாறினாலும் மேஸ்திரி அதே ஆள்தான், சாம்பலை விடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவளே பூங்காவனம்தான்.

ஹசீனா விளக்குக் கோலை எடுத்து, நாலு நாள் முந்தி அறுத்த வரிசைக்குப் போனாள். தெளித்த தண்ணீரில் சாம்பல் மங்கிக் கிடந்தது, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. சாம்பல் தலை, சிவப்பு. அடுத்த சாம்பல் தலை, சிவப்பு. நடுவில் இருந்ததெல்லாம் பச்சை.

பூங்காவனம் அச்சைக் கீழே வைத்தாள். பதினாலு மாதம். நாளைக்கு நூற்று நாற்பது. அவள் மனக்கணக்கில் கெட்டிக்காரி, கூட்டவேண்டிய அவசியமே இல்லை. நாற்பத்தொன்பதாயிரத்தைத் தன் கையாலேயே சிட்டிகை சிட்டிகையாகக் கடனில் போட்டிருந்தாள். தன் கடனில் மட்டுமா. ஊரார் கடனிலும்.

மத்தியானத்துக்குள் குடிசை வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குழாயடியில் அவள் போனதும் பேச்சு நின்றது. எழுத்துப் படிச்ச அம்மா எங்களுக்கும் கணக்குச் சொல்லிக் குடுத்தாங்க என்று ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். ஏழுமலை மட்டும், புகையில என் நெஞ்சு போச்சி, சாம்பல்ல உன் காசு போச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் நெருப்பு ஒத்துக்கல என்றான்.

ஹசீனாவுக்கு வேறு கவலை. இதை எழுதிக் கொடுத்தால், ஆட்கள் வேண்டுமென்றே கல்லைக் கொன்றார்கள் என்று கம்பெனி நஷ்டத்தையும் அவர்கள் தலையில் போடும். எழுதாவிட்டால் அவள் வேலை போகும். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்கவேண்டும் என்றும் அதுவரை வாயைத் திறக்கமாட்டேன் என்றும் சொன்னாள். இந்தப் பெண்ணையும் சேர்த்து இழுத்துவிட்டோமே என்று பூங்காவனம் நினைத்தாள்.

புதன்கிழமை ராத்திரி முழுக்க மழை பெய்தது, கம்பெனி வந்த பிறகு முதல் மழை. ஏரி நிரம்புகிற மழை இல்லை, கூரை நனைந்து வாசல் சேறாகிற மழை. மறுநாள் விடிந்து பூங்காவனம் மனைக்குப் போனாள். சாந்து கரைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். சுவர் முழுக்க, நேற்று வரை செத்த எலும்பு போல இருந்த சுவர் முழுக்க, இளம் புல் நிறம் படர்ந்திருந்தது. கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

ஹசீனா வந்து ஒவ்வொரு கல்லாகக் கோலை வைத்தாள். பச்சை. பதினாலு மாதம் முந்தி அறுத்த அடிவரிசைக் கல்லும் பச்சை. பிறகு குடிசை வரிசைக்கு ஓடினாள். குளியல் மறைப்பு, ஆட்டுப்பட்டி, எல்லாம் பச்சை. ஆடுகள் பட்டியை நக்கிக்கொண்டிருந்தன.

"சாகவே இல்லக்கா," என்றாள் மூச்சு வாங்க. "தூங்கியிருக்கு. சாம்பல் காரம் பட்டதும் பாசி தன்னச் சுத்தி ஒரு ஓடு கட்டிக்கிச்சு. விதை மாதிரி. தண்ணியே வேணாம், வருஷக்கணக்கா கெடக்கும். மேலாகத் தெளிச்சா பத்தாது, ராத்திரி மழை மாதிரி உள்ள வரைக்கும் ஊறினாத்தான் முழிச்சிக்கும். இந்தக் கோலுக்கு மூச்சு மட்டும்தான் தெரியும், தூக்கம் தெரியாது."

"அப்ப சாம்பல் வெச்சா களத்துல தண்ணி தெளிக்க வாணாமா?"

"வேணாம்."

"ஏரி தப்பிச்சிடும்."

"தப்பிச்சிடும்."

பூங்காவனம் கிழக்கே பார்த்தாள். கல்தூள் வருகிற மலை தெரிந்தது. போன வருஷம் இருந்ததில் பாதிதான் இருந்தது. நாளைக்கு இவ்வளவுதான் அறுக்கலாம் என்று கம்பெனியைத் தடுத்துக்கொண்டிருந்தது தண்ணீர் ஒன்றுதான், அது அவளுக்குத் தெரியும். தண்ணீர் போதாத நாளில்தான் மோட்டார் நிற்கும், குவாரி லாரியும் நிற்கும்.

"தண்ணி வாணாம்னு ஆயிட்டா, மலைய இன்னாம்மா தடுக்கும்?"

ஹசீனாவும் மலையைப் பார்த்தாள். இடித்த கட்டடங்களின் தூளிலும் இந்தக் கல் பிடிக்கும், விலைதான் கொஞ்சம் கூட, அறிக்கையில் அதையும் சேர்த்து எழுதுகிறேன், கேட்பார்களா என்று தெரியாது என்றாள். எழுது என்றாள் பூங்காவனம். தெரியாததற்காக எழுதாமல் இருந்தால் நாளைக்கு நம்மைத்தான் உறுத்தும் என்றாள்.

ஆனால் அறிக்கை வெள்ளிக்கிழமை போகவில்லை. ஹசீனாவுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. மூச்சுக்காசுக்குக் கணக்கு எடுப்பது வானத்தில் சுற்றுகிற ஒரு கண். மாதக் கடைசியில் அது களத்தைப் பார்த்து எத்தனை கல் மூச்சு விடுகிறது என்று சொல்லும். களத்தின் எல்லையை முதலில் வரைந்தபோது, குடிசை வரிசையையும் பட்டா மனைகளையும் சேர்த்துக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு வரட்டும் என்று, காரணம் ஏதோ சொல்லி நாள் கேட்டாள்.

ஆடி இருபதாம் தேதி பொது மேலாளர் வரதராஜுலு காரில் வந்து பூங்காவனத்தின் சுவருக்கு முன்னால் இறங்கினார். செத்த கல் முழித்துக்கொண்ட சேதியை மேஸ்திரி சொல்லியிருந்தான். கண்ணியமான மனிதர். அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார். இந்தக் கல்லெல்லாம் ஆராய்ச்சிக்கு வேண்டும், கம்பெனிப் பொருள், ஆட்கள் வந்து பிரித்து எடுத்துக்கொள்வார்கள், சிரமத்துக்கு ஐயாயிரம் தருகிறோம் என்றார். ஆடி முடியப் பதினோரு நாள் இருந்தது. சுவர் போனால் மனை போகும்.

பூங்காவனம் கைப்பேசியை எடுத்து எழுபது கூலிச்சீட்டில் ஒன்றைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இதப் படிங்க சார். எனக்கு வேகமா வராது."

அவர் படித்தார். செத்த கல், விலை பிடித்தம்.

"வெல குடுத்துட்டேன் சார். ஒரு கல்லுக்குப் பதினாலு ரூபா. கடைல வாங்கின துணிய மறுநாளு வந்து, அது நல்ல துணியாப் போச்சி குடுத்துடுன்னு கேப்பாங்களா?"

தணிகாசலம் குறுக்கே வந்து, பெரிய மனுஷர்கிட்ட இன்னா பேச்சு என்று அதட்டினான். எடுத்துக்கொண்டு போ என்று சொன்னதே நீதானே மேஸ்திரி என்றாள் அவள். அவன் காருக்குப் பின்னால் ஏதோ வேலை இருப்பது போல நகர்ந்துவிட்டான். குடிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். குழாயடியில் பேசினவளும் வந்தாள்.

வரதராஜுலு ஹசீனாவைப் பார்த்தார். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"போன மாசக் கணக்கு வந்துடுச்சு சார். களத்துல இருந்ததவிட ஒரு லட்சத்துப் பதினோராயிரம் கல் கூடுதலா மூச்சு விட்டிருக்கு. எல்லாம் இவங்க வெல குடுத்து வாங்கின கல். நம்ம அக்கவுண்ட்ஸ்ல அதையும் சேர்த்து வித்துட்டாங்க. காசும் வந்துடுச்சு. அடுத்தவங்க கல்லோட மூச்ச நம்ம பேர்ல வித்தோம்னு வாங்கினவங்களுக்குத் தெரிஞ்சா, இந்த மாசத்து வியாபாரம் மட்டும் இல்ல, ரெண்டு வருஷத்து ஒப்பந்தமே போயிடும்."

அவர் கைப்பேசியைப் பூங்காவனத்திடம் திருப்பிக் கொடுத்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். எவ்வளவு என்று கேட்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

"காசு வாணாம் சார். அந்தச் செவப்பு எழுத்து போவணும். முப்பத்திரண்டு ஜோடிக்கும்."

"அது முப்பது லட்சத்துக்கு மேல வரும்மா."

"மூச்சு எங்களுது. எவ்வளவுக்கு வித்தீங்கன்னு நான் கேக்கல."

கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். வரதராஜுலுவும் சிரிப்பது போல ஒன்று செய்தார். ஆபீசில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று காரில் ஏறினார். ஹசீனா தன் அறிக்கையை அப்போதே அவர் கையில் கொடுத்தாள், சாம்பலும் ஏரியும் மலையும் எல்லாம் அதில் இருந்தது.

ஆடி முப்பதாம் தேதி வருவாய் ஆபீசிலிருந்து ஆள் வந்து, பச்சைச் சுவர் வைத்த அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, இது வீடுதானா தோட்டமா என்று சந்தேகப்பட்டு, கடைசியில் வீடு என்று எழுதிக்கொண்டு போனான். ஆவணியில் கம்பெனியே ஏரி மோட்டாரை நிறுத்தியது, ஆந்திராப் பேச்சும் நின்றது. இப்போது எல்லாக் கல்லுக்கும் சாம்பல். கட்டுகிற இடத்தில் ஒரு தரம் ஊற நனைத்தால் அது முழித்துக்கொள்ளும், அங்கே வருகிற மூச்சுக்காசுக்குக் கல்லை வாங்குகிறவரோடு கம்பெனி பங்கு பேசிக்கொண்டது. அடுப்புச் சாம்பல் போதாமல் கம்பெனி மூட்டை மூட்டையாக வாங்கியது. குவாரி லாரிகளோடு, இடித்த கட்டடத்தின் தூள் ஏற்றிய லாரிகளும் வந்தன. நாலுக்கு ஒன்று அப்படி. அந்த ஒன்று இரண்டாகுமா, இல்லை அதுவும் நிற்குமா என்று பூங்காவனம் தினமும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

எல்லாக் கல்லுக்கும் சாம்பல் என்று ஆனதும் களத்தில் ஒரு புதுத் தொல்லை கிளம்பியது. நூறாவது கல்லை எப்படி அடையாளம் வைப்பது? முப்பத்திரண்டு ஜோடியும் உட்கார்ந்து பேசி, நூறாவது கல்லுக்கு மட்டும் சாம்பல் வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டுமே. தினமும் மூன்று வேளை ஏழுமலை ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்புவான். பத்து கல், பத்து சொம்பு. வழியில் நின்று இருமுவான், ஆனால் முன்போல இல்லை. ஏரி அதற்கு ஒன்றும் குறைந்துபோகாது என்பான்.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை, கை கழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. பூங்காவனம் ஈரக்கையோடு சீட்டைத் திறந்தாள். அறுத்த கல் ஆறாயிரம். செத்த கல் இல்லை. கூலி ஐயாயிரத்து நானூறு. கீழே இறக்கினாள். சிவப்பெழுத்தைக் காணோம். சரியாகத் திறக்கவில்லையோ என்று மூடிவிட்டு மறுபடி திறந்தாள். கடைசி வரியில் மற்ற எழுத்துகளைப் போலவே கறுப்பாக ஒன்று இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"இன்னா போட்டுக்கீது?" என்றான் ஏழுமலை, சொம்பைக் கீழே வைக்காமல்.

"பாக்கி இல்ல," என்றாள்.